சபை வரலாற்றின் முதல் பக்கத்தை மாற்றி எழுதிய ரசலையன் சாருக்கு

கொன்றைவிளை மிஷன் நடுத்தரப் பாடசாலையில் தலைமையாசிரியராக வீற்றிருந்து, இந்த 1936ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் ஓய்வு பெற்றுச் செல்லும் திருவாளர் ம. ரசலையன் அவர்களுக்கு, உடனிருந்து உழைத்த ஆசிரியர்கள் உள்ளம் உவந்து வாசித்தளிக்கும் மடல்.

பண்பிற் பெரியீர்! பள்ளியைத் தாங்கிய பழுதறு தூணே! வெண்சுண்ணம் ஏந்திய விரல்களால் ஊரின் தொடக்கத்தையும் துணிந்து தீட்டிய தூயவரே! சிறுவரின் கணக்கில் கண்ட பிழைக்கும் பெரியவரின் பெருமையில் கண்ட பிழைக்கும் ஒரே சிவப்புப் பென்சிலை எடுத்த செம்மலே! வணக்கம், வணக்கம், வாயார வணக்கம்!

இவ்வளவு அடைமொழி போதும் என்று தாங்கள் இந்நேரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கியிருப்பீர்கள் என்பது எழுதும்போதே எங்களுக்குத் தெரியும். போன வாரமே எச்சரித்தீர்கள். "புகழ்ந்து பேசினா நான் எழும்பிப் போயிருவேன். எதையாவது சொல்லணும்னா, யாரு கண்டது, யாரு கேட்டதுண்ணு சேத்துச் சொல்லுங்க" என்றீர்கள். ஆகையால் ஒரு யுக்தி செய்தோம். தங்களிடம் பேசுவதைச் சற்றே நிறுத்திக்கொண்டு, இங்கே கூடியிருக்கும் பெற்றோரிடமும் சபையாரிடமும் ரசலையன் சார் என்ற ஒருவரைப் பற்றிச் சொல்லப்போகிறோம். வேறு யாரையோ பற்றிய பேச்சு என்று எண்ணிக்கொண்டு தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

அவையோரே! முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பள்ளியில் அவர் உழைத்தார். மழையில் ஓடு ஒழுகிய வகுப்பை வேப்பமரத்தடிக்கு மாற்றிப் பாடம் நடத்தினார். குலசேகரத்துக்கு அப்பால் ரப்பர்த் தோட்டத்தில் வேலைக்கு விட்ட பிள்ளைகளைத் தேடிப் போய், தகப்பன்மாரோடு மல்லுக்கு நின்று திரும்பக் கூட்டிவந்தார். கோபம் வந்தால் குரல் உயராது, காது மட்டும் சிவக்கும். இவையெல்லாம் நல்ல குணங்களே. ஆனால் நல்ல ஆசிரியர்கள் வேறு ஊர்களிலும் உண்டு. நாங்கள் சொல்ல வந்தது அவரைத் தவிர வேறு எவரும் செய்திருக்க மாட்டாத ஒரு காரியத்தை.

நமது சபைக்கு 1931ஆம் வருஷம் நூறு வயது நிரம்பியது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தின வருஷமே, சபை வரலாற்றைப் புத்தகமாக எழுதும் பொறுப்பைக் கமிட்டியார் அவரிடம் ஒப்படைத்தார்கள். எழுத என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கதை எல்லோருக்கும் மனப்பாடம். பெருவெள்ளம் வந்ததற்கு அடுத்த வருஷம், ரசலையன் சாரின் பூட்டனார் மாசிலாமணி தம் பனந்தோப்பில் ஓலைக் கொட்டகை போட்டுக் கொடுத்தார், அதில்தான் முதல் ஆராதனை நடந்தது, அவரே முதல் விசுவாசி. உபதேசியார் இதைப் பிரசங்கத்தில் சொல்வார், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள்.

அந்தக் கதைக்கு ஒரு மரியாதையும் உண்டு. வருஷந்தோறும் நடக்கும் அசன விருந்தில், வார்ப்பு என்னும் பெரிய அண்டாவில் உலை கொதித்ததும் முதல் நாழி அரிசியைப் போடும் உரிமை மாசிலாமணி குடும்பத்தின் மூத்த பெண்ணுக்குத்தான். அவர் கை அரிசி விழுந்த பிறகே மற்றவர்கள் மூட்டையை அவிழ்ப்பார்கள். நாங்கள் அறிந்த காலம் முழுவதும் அது சாரின் அக்கா தங்கபாய் அம்மாளின் கை. பெருங்குளத்தின் மதகருகே குடியிருக்கும் மடைப்புறத்து மக்களோ கோயிலில் கடைசி வரிசையில் இருந்து, கடைசிப் பந்தியில் உண்டு வந்தார்கள். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்போது எங்களில் ஒருவருக்கும் வெட்கமாக இல்லை.

புத்தகத்தில் ஒரே ஒரு வருஷத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று சார் நினைத்தார். பெருவெள்ளம் வந்த வருஷம் எது? அதைக் கேட்க அவர் போன இடம் சிவதாணு பிள்ளையின் வீடு. பிள்ளை மராமத்து ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர், நெற்றி நிறையத் திருநீறு பூசும் சைவர். நாஞ்சில் நாட்டுக் குளங்களையும் கால்வாய்களையும் பற்றி ஆயுள் முழுவதும் ஆராய்ந்தவர். எந்தக் குளம் எப்போது உடைந்தது, எவர் கட்டினார்கள், எவ்வளவு தாமதமானது என்று பழைய உத்தரவுகளையும் மதகுக் கற்களையும் கரை மண்ணின் அடுக்குகளையும் கொண்டு நிறுவி வைத்திருந்தார். அச்சுக்கு மட்டும் கொடுக்கமாட்டார். கேட்டால், "இன்னும் ஒரு குளம் பாக்கி கெடக்கு ஓய்" என்பார். பத்து வருஷமாக அந்த ஒரு குளம் பாக்கியாகவே கிடந்தது.

சார் விஷயத்தைச் சொன்னதும் பிள்ளை வெற்றிலையை மடக்கி வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"வெள்ள வருஷம் சரிதான் வாத்தியாரே. ஆனா அடுத்த வருஷம் உம்ம பூட்டனாரு பனந்தோப்புல கொட்டகை எப்பிடிப் போட்டாரு? நீந்திக்கிட்டா?"

சாருக்கு விளங்கவில்லை. பிள்ளை விளக்கினார். வெள்ளத்தில் பெருங்குளத்தின் கரை உடைந்தது. தண்ணீர் தாழ்வான பனந்தோப்பில் போய்த் தேங்கியது. கரையைத் திரும்பக் கட்டி முடிக்கும்வரை, ஏறக்குறைய இரண்டு வருஷம், தோப்பு தண்ணீருக்குள் நின்றது. அவ்வளவு நாள் ஏன் என்று ஆராய்ந்தபோது பழைய உத்தரவுகளில் பிள்ளைக்கு ஒரு காரணம் அகப்பட்டிருந்தது. கூலியில்லாமல் கரை கட்டப் பிடித்து வந்த மடைப்புறத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மண் சுமக்க மாட்டோம் என்று நின்றிருக்கிறார்கள். நாங்கள் கிறிஸ்து வேதக்காரர், அன்றைக்கு ஆராதனை உண்டு, வரமாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஆக, பனந்தோப்பு தண்ணீருக்குள் கிடந்த காலத்திலேயே மேட்டு நிலமான மடைப்புறத்தில் ஆராதனை நடந்திருக்கிறது. பிள்ளைக்கு அது சபை வரலாறே அல்ல. ஒரு கரை கட்டத் தாமதமானதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். எதிரே இருந்த சாருக்குக் காது சிவந்துவிட்டது. கேட்டது உண்மையானால் அவர் வீட்டுப் பெருமை போகும், அக்காவின் கையில் இருக்கும் நாழி போகும். இது அவருக்கு அங்கேயே, அந்த நாற்காலியிலேயே தெரிந்துவிட்டது என்று பின்னாளில் எங்களிடம் சொன்னார்.

"பிள்ளைவாள், இத நான் எங்க சபை புஸ்தகத்துல எழுதலாமா?"

பிள்ளை எழுந்து முற்றத்துக்குப் போனார். ஆயுள் முழுவதும் குளம் குளமாக நடந்து கண்டது. முதலில் அச்சிட்டவன் பெயர்தான் உலகத்தில் நிற்கும் என்பது அவருக்குத் தெரியாதா? வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்துதான் பேசினார்.

"எழுதும். ஆனா சிவதாணு சொன்னான்னு எழுதும். அவன் இன்னும் அச்சுக்குக் குடுக்கல்ல, நாலு பேரு பாத்துச் சரின்னு சொல்லல்ல, அதையும் சேத்து எழுதும். வாசிக்கவன் சந்தேகப்படட்டும். சந்தேகப்பட்டு எங்கிட்ட வரட்டும்."

அடுத்த சனிக்கிழமை சார் மண்வெட்டியோடு, பூட்டனார் வழியில் தமக்கு வந்த அந்தப் பனந்தோப்பில் இறங்கினார். ஆள் வைத்துத் தோண்டினால் ஊர் கேட்குமே என்று தாமே தோண்டினார். சிவந்த தேரி மணலுக்கு அடியில் கறுத்த குளத்து வண்டல் ஒரு சாண் கனத்தில் கிடந்தது. அதைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளை சொன்னது பொய்யாக இருக்கட்டும் என்றுதான் அவர் தோண்டினார். அப்படி எண்ணியதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை.

பிறகு எழுதினார். எழுதிய விதத்தைத்தான் நாங்கள் இன்றைக்கும் பெரிதாக எண்ணுகிறோம். முன்னோர் சொன்ன பனந்தோப்புக் கதையை முதலில் முழுமையாகச் சொல்லி, அது முன்னோர் சொன்னது என்று குறித்தார். அடுத்து மடைப்புறத்துச் செய்தியைச் சொல்லி, இது சிவதாணு பிள்ளை அவர்களின் அச்சேறாத ஆராய்ச்சி, அவர் அனுமதியோடு எடுத்தது, இன்னும் பிறர் பரிசோதிக்காதது என்றார். வண்டலைத் தாம் கண்டதாகவும், தண்ணீர் எத்தனை காலம் நின்றது என்பதைத் தம்மால் சொல்ல இயலாது என்றும் எழுதினார். எது யாருடையது என்பதில் மயிரிழை அளவும் கலப்பில்லை.

கமிட்டியில் அந்தப் பக்கம் வாசிக்கப்பட்டதும் செயலாளர் ஞானசிங் மேசையைத் தட்டினார். அவர் பொல்லாதவர் அல்ல. கோயிலுக்கு ஓடு போட ஊர் ஊராக அலைந்தவர்.

"சார், அச்சுல வராத காரியத்த வரலாறுண்ணு எப்பிடிப் போடுவீரு? நாளைக்கு அந்தப் பிள்ளையே மாத்திச் சொன்னா நம்ம மொகத்த எங்க கொண்டு வைப்பம்? நம்ம சபைக்க கதைய ஒரு குளத்து ஓவர்சியருக்க வாயில இருந்தா எடுக்கணும்?"

"மாத்திச் சொன்னா நானும் மாத்தி எழுதுவேன். அதுக்குத்தான் அவருக்க பேரப் போட்டிருக்கேன்."

"அப்ப அந்தப் பக்கம் வேண்டாம்."

"அப்படியாக்கும்னா புஸ்தகத்துல எனக்க பேரும் வேண்டாம்."

செய்தி கோயில் வாசலைத் தாண்டுமுன் தங்கபாய் அம்மாள் வீட்டை எட்டிவிட்டது. அவர் தம்பி வீட்டுக்கு வந்தபோது எங்களில் இருவர் அங்கே இருந்தோம். ஓடி ஒளியவும் இடமில்லை.

"ஏலே ரசலு, நம்ம வீட்டுக் கையில இருந்து நாழியத் தட்டிப் பறிக்கப் போறியா?"

"நான் ஒண்ணும் பறிக்கல்ல அக்கா. நடந்ததச் சொல்லுதேன்."

"நடந்ததா? நீ பாத்தியா?"

சார் பிறரிடம் கேட்கும் கேள்வியே இப்போது அவருக்குத் திரும்ப வந்தது. "பாக்கல்ல" என்று மட்டும் சொன்னார். "பாக்காதத எழுதி எனக்க தலைய எடுக்கிய, மக்கா" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கிப் போனார். அதன் பிறகு தம்பியிடம் பேசவில்லை. தாய் இறந்தபின் இவரைத் தூக்கி வளர்த்தவர் அவர். சார் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வகுப்பில் கணக்கைத் தப்புத் தப்பாகப் போட்டார்.

போதகர் செல்வதாஸ் ஐயா ஒரு வழி சொன்னார். பக்கத்தை எடுக்கவும் வேண்டாம், வைக்கவும் வேண்டாம். ஆராய்ந்தவரையே சபைக் கூட்டத்துக்கு அழைப்போம், கேட்க வேண்டியதைக் கேட்போம் என்றார். அப்படித்தான் ஒரு ஞாயிறு மாலை, நெற்றியில் திருநீறும் தோளில் நேரியலுமாகச் சிவதாணு பிள்ளை நம் கோயில் மண்டபத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"உமக்க ஆராய்ச்சி தப்பா இருந்தா?" என்று ஞானசிங் முதல் கேள்வியைப் போட்டார்.

"தப்பா இருக்கலாம். அதனாலதான் அச்சுக்குக் குடுக்கல்ல. தப்புன்னு காட்டும், உம்ம கைய எடுத்துக் கும்பிடுதேன்."

"மடைப்புறத்து ஆளுவதான் மொதல்ல வேதத்துல சேந்தாவண்ணு எழுத உமக்கு என்ன அவசியம் வந்துது?"

"எனக்கு ஒரு அவசியமும் இல்ல வே. கரை எதுனால தாமசமாச்சுன்னு பாத்தேன். ஞாயித்துக்கிழமை வேலை நடக்கல்ல. ஏன் நடக்கல்லன்னு பாத்தேன். உங்க சபையப் பத்தி எழுத எனக்கு எங்க நேரம்?"

கூட்டம் சிரித்தது. ஞானசிங்கும் சிரித்துவிட்டார். சிரிப்பு ஓய்ந்ததும் பிள்ளை மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, யாரும் கேட்காத ஒன்றைச் சொன்னார்.

"வரல்லன்னு சொன்னதுக்கு அந்த ஆளுக அடி வாங்கியிருக்கு. கரையில கட்டிவச்சு அடிச்சிருக்கு. ஒருத்தனுக்குக் காலு போச்சு. அடுத்த ஞாயிறும் வரல்ல. வாத்தியாரு கேக்கல்ல, அதனால நான் சொல்லல்ல."

கடைசி வரிசையிலிருந்து மடைப்புறத்துப் பூங்கனி எழுந்தார். நாற்று நட்டுக் கறுத்த கை, தோளில் இழுத்துச் செருகிய சேலை. சபைக் கூட்டத்தில் அவர் எழுந்து பேசி அதுவரை யாரும் கண்டதில்லை.

"எங்க வம்சத்துல ஒரு மூத்தவருக்குக் காலு முடம். கொளத்தங்கரையில அடிச்சு ஒடிச்சதுண்ணு சொல்லுவாவ. என்ன குத்தத்துக்குண்ணு எங்க ஆருக்கும் தெரியாது. களவாக்கும்ணு நெனச்சு நாங்க வெளிய சொல்லல்ல. எங்க பிள்ளையளுக்குக்கூடச் சொல்லல்ல." நின்று மூச்சு வாங்கினார். "ஞாயித்துக்கெழமைக்காக்குமா அடிச்சான்? களவு இல்லியா?"

"களவு இல்லம்மா" என்றார் சிவதாணு பிள்ளை. "களவு இல்ல."

பூங்கனி உட்கார்ந்து முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டார். எங்களில் பலரும் அழுதோம். ரசலையன் சார் தலை நிமிரவே இல்லை. நூறு வருஷமாக ஒரு குடும்பம் தன் மூதாதையின் சாட்சியைக் களவென்று எண்ணி ஒளித்து வைத்திருந்தது. அதே நூறு வருஷம் இன்னொரு குடும்பம் நாழியைப் பிடித்து நின்றது. ஞானசிங் எழுந்து, "பக்கம் நிக்கட்டும்" என்றார். வேறு தீர்மானம் எழுதவில்லை.

புத்தகம் அச்சாகி, நூற்றாண்டு விழா நாள் காலையில் வெளியானது. அன்று நண்பகல் அசனம். வார்ப்பில் உலை கொதித்தது. இனி யார் போடுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம். பூங்கனியைக் கூப்பிடலாம் என்று சிலர் முணுமுணுக்க, அவரோ தண்ணீர்க் குடங்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அப்போது தங்கபாய் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நாழி நிறைய அரிசி அளந்தார். வழக்கம்போல வார்ப்பை நோக்கிப் போவார் என்று பார்த்தால், குடங்களுக்குப் பின்னால் போனார்.

"ஏட்டி பூங்கனி, பிடி."

பூங்கனி ஒற்றைக் கையை நீட்டினார்.

"ரெண்டு கையாலயும் பிடி. சிந்தப்பிடாது."

முதல் அரிசி விழுந்தது. முதல் பந்தியில் மடைப்புறத்தார் இருந்தார்கள். தங்கபாய் அம்மாள் தாமே வாளியை எடுத்துச் சாம்பார் விட்டார். தம்பியின் பக்கம் மட்டும் அன்றைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த கிறிஸ்துமசுக்குத்தான் பேச்சு திரும்பியது. அதுவும் சண்டையாகத்தான். "உனக்க புஸ்தகத்துல நம்ம வீட்டுப் பெருமையெல்லாம் அழிச்சு எழுதினியே, நான் நாழி குடுத்தத எங்கல எழுதியிருக்கு?" என்று கேட்டார் அக்கா. கேள்வியில் நியாயம் உண்டு. புத்தகம் காலையிலேயே வெளியாகிவிட்டது, நாழி கைமாறியது மதியம். இரண்டாம் பதிப்பு வந்தால் சேர்க்கலாமே என்று நாங்களும் சொன்னோம். சார் மறுத்துவிட்டார். தம் சொந்த வீட்டுப் பெருமைக்குத் தாமே சாட்சி சொல்லக்கூடாது, வேறு யாராவது எழுதட்டும் என்றார். இந்த ஐந்து வருஷத்தில் வேறு யாரும் எழுதவில்லை.

பெருந்தகையே! இனி மறுபடியும் தங்களிடமே பேசுகிறோம், எழுந்து போகவேண்டாம். சிவதாணு பிள்ளை அவர்கள் சென்ற ஐப்பசியில் காலமானார்கள். அவர் ஆராய்ச்சி இன்றும் அச்சேறவில்லை. உலகத்தில் அவர் கண்டதில் அச்சில் இருப்பது, தாங்கள் அவர் பெயரோடு எழுதிய அந்த ஒரு பக்கம்தான். மற்றவற்றையும் அவர் பெயரிலேயே கொண்டுவர அவர் மக்களோடு தாங்கள் பேசிவருவதை அறிவோம். ஓய்வுக்காலத்தில் அந்த வேலை இனிது முடியட்டும். மூக்குக்கண்ணாடி தெளிந்திருக்கட்டும், முழங்கால் வலி விலகியிருக்கட்டும், இறைவன் அருளால் நோயற்ற நீண்ட வாழ்வும் நிறைந்த மனமும் தங்களுக்கும் தங்கள் இல்லத்தார்க்கும் நாளும் பெருகட்டும்!

தங்கபாய் அம்மையீர்! முன்வரிசையில் இருக்கும் தாங்களும் கேளுங்கள். 1931ஆம் வருஷம் நூற்றாண்டு விழா அசனத்தில், தங்கள் குடும்பத்தின் நாழியை மடைப்புறத்துப் பூங்கனி அம்மாளின் கையில் தாங்களாகவே கொடுத்தீர்கள். கொடுக்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. இது கேள்விப்பட்டதல்ல. நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்தோம். இந்த மடலும் அச்சேறப்போவதில்லை, கண்ணாடிச் சட்டத்துக்குள் தங்கள் தம்பி வீட்டுச் சுவரில்தான் தொங்கும். பின்னாளில் இவ்வூர் வரலாற்றை எழுத வருகிறவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பெயரையும் சேர்த்து எழுதவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

இங்ஙனம்,
கண்ணால் கண்ட சாட்சிகள்,
சிலுவைதாசன், ராஜையன், நேசம்மாள், கோலப்பன்,
ஆசிரியர்கள், மிஷன் நடுத்தரப் பாடசாலை, கொன்றைவிளை.